‘செட்அப்’ பெயரைப் பைலின்ட் குறை சொன்னால்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் விசைப்படகின் டீசல், ஐஸ், பங்குக் கணக்கைப் பைத்தானில் எழுதிவருகிறேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தொழிலுக்குப் போனதாகப் பதிய முடியாதபடி செய்து, அதைச் சோதிக்க, பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் டெஸ்டுகளும் எழுதினேன். நிரலில் குறை கண்டுபிடிக்கும் பைலின்ட்டை ஓட்டினால், டெஸ்டுக்கு முன் தயார்செய்யும் செட்அப், பின் சுத்தம்செய்யும் டேர்டவுன் என்ற இரண்டு மெத்தடுகளின் பெயரும் பெயரிடும் விதிக்குப் பொருந்தவில்லை என்கிறது. சின்ன எழுத்தும் அடிக்கோடுமாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெயர்கள் நீங்கள் வைத்தவை அல்ல, யூனிட்டெஸ்ட்டில் உள்ள டெஸ்ட்கேஸ் என்ற தாய் கிளாஸிலிருந்து (உங்கள் டெஸ்ட் கிளாஸுக்கு அடிப்படையானது) வந்தவை. ஜாவா மொழியின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டைப் பார்த்து எழுதப்பட்ட யூனிட்டெஸ்ட், 2001இல் பைத்தான் 2.1-உடன் சேர்ந்தது. நடுவில் ஒரு பெரிய எழுத்து வரும் ஜாவா வழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னும் பின்னும் அதே பெயர்களைத்தான் அது கூப்பிடும்.

செட்அப்பை மாற்றினால் உடனே தெரிந்துவிடும்; அதில் தயார்செய்த எதுவும் இல்லாமல் டெஸ்டுகள் வரிசையாக விழும். டேர்டவுனை மாற்றினால்தான் வம்பு. பிழைச்செய்தி எதுவும் வராது, தற்காலிகக் கணக்குக் கோப்பு அழியாமல் கிடக்கும். எல்லா டெஸ்டும் ஒரே கோப்பில் எழுதுகிறது என்றால், முதல் டெஸ்ட் போட்ட 200 லிட்டர் டீசல் அடுத்ததிலும் ஏறி 400 என்று நிற்கும். நீங்களோ கூட்டல் சரியா என்று நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, எச்சரிக்கை ஏன் வந்தது? தாய் கிளாஸில் உள்ள மெத்தடை நாம் திரும்ப எழுதினால் பைலின்ட் அதன் பெயரைச் சோதிக்காமல் விட்டுவிடும். இங்கே விடவில்லை என்றால், தாய் கிளாஸ் யார் என்று அதற்குத் தெரியவில்லை. டெஸ்டுகளுக்குப் பொதுவான ஒரு கிளாஸை வேறு கோப்பில் வைத்து, அதிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அறிக்கையில் கொஞ்சம் மேலே தேடுங்கள், இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று இன்னொரு வரி இருக்கும். சரிசெய்ய வேண்டியது அதைத்தான். நிரல் ஓடும் அதே விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பு) பைலின்ட்டையும் நிறுவி, ப்ராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் நின்று ஓட்டுங்கள். பெரும்பாலும் இம்போர்ட் பிழை, பெயர் எச்சரிக்கை இரண்டும் சேர்ந்தே போய்விடும். அப்படியும் போகாவிட்டால் அந்த ஒரு வரியில் மட்டும் அந்த எச்சரிக்கையை அணைக்கும் குறிப்பைப் போடுங்கள். கோப்பு முழுவதற்கும் அணைத்தால் நீங்களே வைத்த கோணல் பெயர்களும் தப்பித்துவிடும்.

பெயர் விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு. படகு ஓடியதைப் பதிய டெஸ்ட் கிளாஸுக்குள் ‘ரன்’ என்று ஒரு துணை மெத்தட் எழுதினால், டெஸ்ட்கேஸிலேயே இருக்கும் ‘ரன்’ மறைந்துவிடும். டெஸ்டை ஓட்டுவதே அதுதான். ‘ஐடி’, ‘டீபக்’ என்ற பெயர்களும் அங்கே ஏற்கெனவே உண்டு. தாய் மெத்தடோடு அளபுருக்கள் (மெத்தடுக்கு அனுப்பும் மதிப்புகள்) ஒத்துப்போகவில்லை என்று பைலின்ட் சொன்னால் அணைக்காமல், உங்கள் மெத்தடுக்கு வேறு பெயர் வையுங்கள்.

அப்புறம், தடையின் இரண்டு எல்லைகளும் சோதிக்கப்படும்படி, தடைக்கால டெஸ்டில் ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 நான்கு தேதிகளும் இருக்கட்டும்.