செயின்ட் லூயிஸ் 1875: பறவைப் பார்வை வரைபடமும் லெம்ப் குடும்பமும் – கேள்வி பதில்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் 110 தாள்களில் வரைந்த பழைய வரைபடத்தையும், அதில் இருக்கும் லெம்ப் குடும்பத்தின் பீர் ஆலையையும் பற்றி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பீர் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

கேள்வி: சார், டிரோன் இல்லாத காலத்தில் இதை எப்படி வரைந்தார்கள்? பலூனில் போனார்களாமே?

பதில்: பலூன் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பலூனில் ஏறினால் ஊரின் அமைப்பு தெரியுமே தவிர, எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று எண்ண முடியாது. ஓவியர் காமில் டிரையும் உதவியாளர்களும் தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தையும் வரைந்துகொண்டார்கள். கிழக்கே மிசிசிப்பி ஆற்றுக்கு மேலே நின்று மேற்கே பார்ப்பதாக ஒரு கட்டம் போட்டு, அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி கட்டடங்களை அதில் உட்கார வைத்தார்கள். 1875-ஆம் ஆண்டின் ஊரைக் காட்டும் இந்தப் படத்தை ரிச்சர்ட் காம்ப்டன் 1876-இல் வெளியிட்டார். பெயர் சொல்லி அடையாளம் காட்டிய இடங்கள் மட்டும் 1,999.

கேள்வி: அப்படியே நம்பலாமா?

பதில்: கட்டடங்களை ஓரளவு நம்பலாம், படம் காட்டும் ஊர்ச் சூழலை நம்பாதீர்கள். முன்பணம் கட்டிய வியாபாரிகளை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடியது, அதனால் இந்த மாதிரிப் படங்களில் ஊர் எப்போதும் சுத்தமாக, சுறுசுறுப்பாக இருக்கும். எல்லாப் புகைபோக்கியிலும் புகை வரும். அன்றைக்குப் புகை என்றால் செழிப்பு. என் கணக்கில் இது பாதி அளவைப் படம், பாதி விளம்பரம்.

கேள்வி: லெம்ப் யார்? பட்வைசர் பீர் குடும்பம்தானே செயின்ட் லூயிஸில் பெரியது?

பதில்: பின்னாளில் அப்படித்தான். 1875-இல் ஊரின் பீர் தொழிலில் பெரிய ஆள் லெம்ப். பட்வைசர் என்ற பெயரே 1876-இல்தான் வந்தது, கம்பெனி அன்ஹைசர்-புஷ் ஆனது 1879-இல்.

ஆடம் லெம்ப் ஜெர்மனியின் எஷ்வேகே ஊர்க்காரர், 1838-இல் செயின்ட் லூயிஸ் வந்து மளிகைக் கடை போட்டார். கடையில் தானே காய்ச்சிய பீரையும் விற்றார். அது லாகர் வகை, வாரக்கணக்கில் குளிரில் கிடந்து முதிர வேண்டும். ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் மிசௌரி வெயிலில் என்ன செய்வது? அந்த ஊருக்கு அடியில் சுண்ணாம்புக்கல் குகைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் ஆற்றில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக்கொண்டு வந்து குகைக்குள் அடுக்கி, பக்கத்தில் பீப்பாய்களை வைத்தார்கள். 1862-இல் ஆடம் இறந்ததும் மகன் வில்லியம் பொறுப்புக்கு வந்து, அந்தக் குகைக்கு மேலேயே புது ஆலை கட்டினார்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கூரை தெரியும், புகைபோக்கி தெரியும், ஆலையை அங்கே கொண்டுவந்த குகை மட்டும் தெரியாது. பறவைப் பார்வையின் பெரிய குறையே இதுதான்.

கேள்வி: செயின்ட் லூயிஸில் பேய் நடமாடுவதாகச் சொல்லும் பங்களா லெம்ப் குடும்பத்துடையதா?

பதில்: ஆமாம், இவர்கள் வீடுதான், இப்போது உணவகமும் விடுதியும் நடக்கிறது. பேய்க் கதையில் எனக்கு ஆர்வம் இல்லை. 1901-இல் வில்லியமின் இளம் மகன் ஃபிரெடெரிக் இறந்தார், 1904-இல் வில்லியம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், அதற்கு மேல் மதுவிலக்கும் வந்து சேர்ந்தது. 70 லட்சம் டாலர் மதிப்பு சொல்லப்பட்ட ஆலை 1922-இல் ஒரு செருப்புக் கம்பெனிக்கு 5,88,500 டாலருக்குப் போனது. இதைவிட வேறு பயங்கரம் என்ன வேண்டும்?

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் ‘அசல் தாள்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் பத்து மடங்கு லென்ஸ் வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் அந்தக் கால முறை) கோடு உடையாமல் ஓடும், இன்றைய பிரிண்டில் அதே கோடு குட்டிக் குட்டிப் புள்ளிகளாகச் சிதறும். புள்ளி இல்லை என்பதாலேயே அசல் ஆகிவிடாது, நல்ல மறுபதிப்பும் கோட்டைக் காப்பாற்றும். அப்போது தாளையும் அளவையும் பார்க்க வேண்டும். பார்த்து ரசிக்க மட்டும் என்றால் காசே வேண்டாம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் எல்லாத் தாள்களையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஆறு கீழே இருப்பதால் தெற்கு உங்கள் இடது கைப் பக்கம் வரும். அந்தப் பக்கத்தில் செரோகி தெருவைத் தேடுங்கள், லெம்ப் ஆலை அங்கேதான்.