கேள்வி-பதில்: பழைய பேய், புது அட்டை

இந்த முறை ஒரே பேய்ப் படத்தைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. மிக்சி, மெத்தைக்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: 1962-இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' டிவிடியை ஆன்லைனில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. ஓட்டினால் திரை முழுக்க மழை. வெள்ளை முகப் பேய்க்கு மூக்கே தெரியவில்லை. - மதுரை வாசகர்

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. இயக்குநர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறும்படம் எடுத்துக்கொடுத்தவர். யூட்டாவில் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்து அசந்துபோய், மூன்று வார லீவில், 30,000 டாலர் சொச்சத்தில் இந்தப் படத்தை எடுத்தார். தலைமைப் பேயும் அவரேதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படத்தில் காப்புரிமை அறிவிப்பு போட்டாக வேண்டும், இதில் விட்டுப்போனது. அவ்வளவுதான், அங்கே படம் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. தேய்ந்த வீடியோ டேப்பிலிருந்து எடுத்துவிட்டு 'புதுப்பித்தது' என்று அச்சடிக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தீர்கள், யார் புதுப்பித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஐம்பது பேய்ப் படம் ஒரே பெட்டியில் என்று நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் படத்துக்கு உயிரே ஆர்கன் இசைதான், கதாநாயகியே தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். என் டிவிடியில் அது தண்ணீர் மோட்டார் மாதிரி கேட்கிறது.

சரி, செய்ய வேண்டியது இது. அட்டை, ஓடுகிற படம், விற்பனைப் பக்கம் மூன்றையும் படமெடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள்.

கே: பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும் க்ரைட்டீரியன் நிறுவனத்தின் ப்ளூரேயில் இதே படத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். என் பிளேயரில் ஓடவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? - கோவை வாசகர்

ப: கிடைப்பது கஷ்டம். பின்அட்டையில் ரீஜன் 'ஏ' என்று இருக்கும், பார்த்தீர்களா? ரீஜன் என்றால் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்கிற குறியீடு. அமெரிக்கா ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் ஏ-தான். ஆனால் கோபத்தில் விற்றுவிடாதீர்கள். 2016-இல் வந்த அந்தப் பதிப்பு நிஜமாகவே 4கே-யில் புதுப்பித்தது. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் தேடுங்கள்.

கே: நான் வாங்கியதில் படம் கலரில் இருக்கிறது, ஒரு கோமாளி வேறு வருகிறான். மோசடிதானே? - திருச்சி வாசகர்

ப: இல்லை. அது 1998-இல் அதே பெயரில் வந்த படம். ஆண்டு அட்டையிலேயே இருக்குமே ஐயா.

கே: என் டிவிடியில் 78 நிமிடம், நண்பரிடம் இருப்பது 83. வெட்டிவிட்டார்களா? - சேலம் வாசகர்

ப: வெட்டியது அந்தக் காலத்து விநியோகஸ்தர், உங்கள் கடைக்காரர் அல்ல.

கே: எதை வாங்கினால் ஏமாற மாட்டேன்? - நெல்லை வாசகர்

ப: எதையும் வாங்காதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பிடித்தால் அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.