ராணுவத்திலிருந்து திரும்பியவருக்குத் தூக்கம் வராதபோது: மனநலக் கேள்வி-பதில்

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. தூக்கத்தில் கத்துகிறார். தட்டி எழுப்பப் போனபோது என் கையை முறுக்கிவிட்டார். தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.
- வாசகி, கடலூர் முதுநகர்

அம்மா, முதலில் உங்கள் பாதுகாப்பு. அவர் கத்தும்போது தொட்டு எழுப்பாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று விளக்கைப் போடுங்கள். "நான்தான், நம்ம வீட்லதான் இருக்கோம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர் உங்களைத் தாக்க நினைக்கவில்லை. அந்த நொடியில் தான் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, பழையதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, வீட்டாரிடமிருந்து விலகுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், பிடிஎஸ்டி-யா, அதாவது கொடுமையான சம்பவத்துக்குப் பிறகு வரும் மன பாதிப்பா என்று பார்க்க வேண்டும். நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதை உறுதி செய்ய முடியும். முதல் உலகப் போரில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். இப்படித் தவித்த வீரர்கள் பலரைக் கோழைகள் என்று ஏசினார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பிடிஎஸ்டி இடம் பெற்றது 1980இல்தான். "பட்டாளத்துக்காரனுக்கு என்ன பயம்" என்று இன்றும் சிலர் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் துருவிக் கேட்க வேண்டாம். அந்த நினைவுகளைப் பாதுகாப்பாக, படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 8 முதல் 15 அமர்வுகள். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். "பைத்தியமா எனக்கு" என்று மறுத்தால், "தூக்கத்துக்காகப் போய்ப் பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள். அது பொய்யில்லையே.

அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறேன். மனதை முன்கூட்டியே உறுதியாக்க முடியுமா?
- வாசகர், விருத்தாசலம்

தம்பி, கொடுமையான சம்பவத்தைச் சந்திக்கும் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. பெரும்பாலோர் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். சம்பவத்துக்குப் பிறகு கிடைக்கும் ஆதரவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஓட்டப் பயிற்சியோடு தூக்கத்தையும் கவனியுங்கள். மனம் விட்டுப் பேச இரண்டு பேரையாவது வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் அவர்களை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. வயது 85-க்கு மேல். பாட்டி போன பிறகுதான் அல்ஜீரியா சண்டை கனவில் வருகிறது என்கிறார். இத்தனை வருடம் கழித்தா?
- வாசகி, புதுச்சேரி

வரலாம். வேலை, குடும்பம் என்று ஓடிய காலத்தில் அமுங்கிக் கிடந்தது, துணையை இழந்து தனிமையில் உட்காரும்போது மேலே வருவதுண்டு. இந்த வயதில் ஞாபக மறதி நோயும் சில மாத்திரைகளும்கூடக் கனவுத் தொல்லை தரும். அதனால் எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பா முன்னாள் ராணுவ வீரர், இப்போது வங்கிக் காவலர். தூக்கம் வர கேன்டீன் சரக்கு வேண்டும் என்கிறார். சமீபமாக "நான் இருந்து என்ன" என்கிறார்.
- வாசகர், பாகூர்

இரண்டாவதை முதலில் பார்ப்போம். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வேலைக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் இருந்தால், இன்றே காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை துப்பாக்கியும் தோட்டாவும் அவர் கைக்கு எட்டக் கூடாது. அவரைத் தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடுவேன் என்று சொன்னால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அப்புறம் குடி. மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிலை ஒளித்து வைக்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.