வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கோப்பி

வீட்டில் கோப்பி போடும் முறையையும் குடிக்கும் வழக்கத்தையும் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல கேள்விகளாகவே இருந்தன. மூன்று கடிதங்களில், ஒன்றையொன்று அறியாதவர்கள், “தேத்தண்ணி யாரும் போடலாம், கோப்பிக்குக் கை வேண்டும்” என்று ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். அந்தக் கை எது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லப் பார்க்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி வாசகி): திருமணமாகி வந்து ஆறு மாதமாகிறது. மாமி இடித்து வைத்த கோப்பித்தூள் முடிந்ததும், நானே இரண்டு கிலோ கொட்டை வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்தேன். முதல் நாள் வீடெல்லாம் மணத்தது. பத்தாம் நாள் வெறும் கரிச்சுவைதான் மிஞ்சியது. எங்கே பிழை விட்டேன், அம்மா?

பதில்: பிழை தாச்சியில் தொடங்கியிருக்கிறது, மகள். இரண்டு கிலோவை ஒரே தடவையில் வறுக்க முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அடியில் கிடந்த கொட்டை கருகவும் மேலே கிடந்தது பாதி வேகவும் செய்திருக்கும். அடி தடித்த தாச்சியில், இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல், மெல்லிய நெருப்பில், அகப்பையை ஒரு நிமிடமும் நிறுத்தாமல் வறுக்க வேண்டும். பச்சைக்கொட்டை முதலில் மஞ்சளாகி, காய்ந்த வைக்கோலின் மணத்தைத் தரும். அதன்பிறகு மண்ணிறமாகி, சோளம் பொரிவதுபோலப் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்கி, கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்குவதற்குச் சற்று முன்னரே இறக்கிவிட வேண்டும். இறக்கியதைத் தாச்சியிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. நெருப்பை விட்டு எடுத்த பின்னும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதால், உடனே சுளகில் கொட்டிப் பரப்பி, புடைத்து ஆற்ற வேண்டும். புடைக்கும்போது பொன்னிறத்தில் மெல்லிய தோல் பறப்பதைக் காண்பீர்கள். அதையும் புடைத்துப் போக்கிவிடுங்கள்.

மல்லியைக் கொட்டையோடு சேர்த்து வறுக்கவே கூடாது. கோப்பி நிறம் மாறுவதற்குள் மல்லி கரிந்துவிடும். எங்கள் வீட்டு அளவு இது: பச்சைக்கொட்டை 500 கிராமுக்கு மல்லி 100 கிராம், நற்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, விரலளவு வேர்க்கொம்பு (சுக்கு) ஒன்று, இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, வாசம் வரும் வரை மட்டும். மல்லியைக் கூட்டிப் போடும் வீடுகளும் உண்டு. மல்லி மிகுந்தால் அது கைமருந்துக் குடிநீரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். தடிமன் பிடித்த நாளுக்கு அது மிக நல்லது, விடியற்காலைக் கோப்பிக்கு எனக்கு ஒவ்வாது.

இனி அளவு. 500 கிராம் கொட்டை வறுபட்டதும் ஈரம் போய் ஏறத்தாழ 400 முதல் 425 கிராம்தான் தேறும். ஒரு சிறிய குடும்பத்துக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு அது போதும். அதற்கு மேல் வறுத்து வைக்காதீர்கள். கொட்டையாக இருக்கும்வரை மணம் உள்ளே அடங்கியிருக்கும், தூளானதும் காற்றுப் பட்டுப் பட்டுப் போய்விடும். வறுத்த கொட்டையைப் போத்தலில் வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒருமுறை இடித்து, அரிதட்டில் அரித்து எடுத்தால், பத்தாம் நாள் என்ற கேள்வியே எழாது. உரல் இல்லாவிட்டால் வீட்டுக் கிரைண்டர் போதும், ஆனால் விட்டு விட்டு அரையுங்கள். சூடேறினால் மணம் போய்விடும்.

கேள்வி (கொழும்பில் வேலை பார்க்கும் சுன்னாகம் வாசகர்): அம்மா தரும் அதே தூள், அதே கேத்தில், அதே கரண்டி. வெள்ளவத்தையில் போட்டால் கோப்பி சற்றுப் புளிப்போடு துலக்கமாக இருக்கிறது. ஊருக்கு வந்து போட்டால் மந்தமாக இருக்கிறது. என் மனப்பிரமையா?

பதில்: பிரமை அன்று, தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லூடாக இறங்கித்தான் நம் கிணறுகளுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைத் தடவிப் பாருங்கள், வெள்ளைப் படை சொரசொரப்பாகக் கையில் தட்டும். கல்லிலிருந்து கரைந்து வந்து, தண்ணீர் கொதித்தபோது திரும்பவும் கல்லாகிய சுண்ணாம்பு அது. இத்தகைய தண்ணீர் கோப்பியின் இயல்பான புளிப்பை நடுநிலையாக்கிவிடுகிறது. நீங்கள் மந்தம் என்று சொல்வது அந்தப் புளிப்பு இல்லாமற் போனதைத்தான். கொழும்புக் குழாய்த்தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தண்ணீரை முதலில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் மெல்ல ஊற்றி எடுங்கள். கோப்பிக்கு அந்தத் தண்ணீரைத் திரும்பச் சூடாக்கிக்கொள்ளலாம். மாரி காலத்தில், கூரை நன்றாகக் கழுவுண்ட பின் பிடித்த மழைத்தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்; உங்கள் தூளின் உண்மையான சுவை அப்போது தெரியவரும். உவர்க்கிணற்றுக்கு மட்டும் இந்த வழி உதவாது, உப்பு கொதித்துப் போகாது. அயலில் நல்லதண்ணீர்க் கிணறு இருந்தால் ஒரு செம்பு வாங்கிக்கொள்வதே வழி.

கேள்வி (நல்லூர் வாசகி): மாமாவுக்குப் பனங்கட்டியோடு வெறுங்கோப்பி, இவருக்குப் பால்கோப்பி, மகளுக்குச் சீனி இல்லாத கோப்பி, மகனுக்குக் கடையில் வாங்கும் உடனடிக் கோப்பி. காலையில் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே கோப்பி என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்ல வேண்டாம். ஒருவர் கோப்பி குடிக்கும் விதம் அவருடைய வயதோடும் வாழ்ந்த காலத்தோடும் ஒட்டியது. 1990களில் வடக்கின் மீதான பொருளாதாரத் தடையின்போது சீனி எட்டாத விலைக்குப் போனதால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பி குடித்தவர்களில் பலர், சீனி தாராளமாக வந்த பின்னரும் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் மாமாவும் அப்படி ஒருவராக இருக்கலாம்; அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

மாற்ற வேண்டியது உங்கள் வேலையின் அளவை. எல்லோருக்குமாக ஒரே தடவையில் கடும் கோப்பி போட்டு, மண்டி அடைய நான்கு நிமிடம் விட்டு, தெளிவைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மேசையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் காய்ச்சிய பால், பனங்கட்டி, சீனி. அவரவர் கோப்பையை அவரவர் கலக்கட்டும்; உங்கள் கணவருக்கும் மகனுக்கும் கை இருக்கிறது. பால்கோப்பிக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: மிளகும் வேர்க்கொம்பும் சேர்ந்த தூள் பாலோடு அவ்வளவாகச் சேராது, மல்லி மட்டும் சேர்த்த தூளைத் தனியே கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் கிடைத்தால் பால்மாவைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): அப்பாவுக்கு 68 வயது. இரவு எட்டு மணிக்கு ஒரு கோப்பி குடித்தால்தான் நித்திரை வரும் என்கிறார், ஆனால் ஒரு மணிக்கே எழும்பிவிடுகிறார். கொலஸ்ட்ரோலும் கூடியிருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். உடலுக்குள் போன கஃபீனில் பாதி நீங்குவதற்கே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கிறது. எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி, அவர் எழும்பும் அந்த ஒரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. இரவில் கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்ற பழக்கத்துக்கு, கோப்பி சேராத மல்லித்தண்ணீரைப் பனங்கட்டியோடு கொடுத்துப் பாருங்கள். அதே மணம், அதே பேணி என்பதால் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

கொலஸ்ட்ரோல் பற்றிய கவலைக்கும் காரணம் உண்டு. கோப்பியின் எண்ணெயில் கஃபெஸ்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. நாம் செய்வதுபோலத் தூளைக் கொதிநீரில் போட்டு அடைய விட்டால் அது கோப்பியிலேயே தங்கி, கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. கடதாசி வடியில் வடித்தால் பெரும்பகுதி வடியிலேயே நின்றுவிடும். அப்பாவின் பகற்கோப்பியைக் கடதாசியில் வடித்துக் கொடுங்கள். மருந்து பற்றிய முடிவு வைத்தியருடையது.

இதையொட்டி, கோப்பி குடிக்கலாமா என்று கேட்ட, கர்ப்பமாயிருக்கும் உரும்பிராய் வாசகிக்கும் ஒரு வரி: கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளில் 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் வெளியிட்ட அளவு. தேத்தண்ணியில் உள்ளதும் அந்தக் கணக்கில் சேரும். சாப்பாட்டோடு கோப்பி குடிக்காதீர்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அது குறைத்துவிடும்.

கேள்வி (மானிப்பாய் மாணவர்): இலங்கை தேயிலை நாடாக இருக்க, நம் வீடுகளில் கோப்பி எப்படி வந்தது?

பதில்: தேயிலைக்கு முன்னர் மலைநாடு கோப்பி நாடாகவே இருந்தது. 1820களில் தொடங்கிய பெருந்தோட்டங்களில் 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்து, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டங்கள் போனாலும் கண்டி, மாத்தளைப் பகுதி வீட்டுத்தோட்டங்களில் கோப்பி மரம் நின்றுவிட்டது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள் என்பதையும், வழியில் பெருந்தொகையானோர் நோயாலும் பசியாலும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், தம்பி. கோப்பியின் வரலாற்றை எழுதுவோர் இதை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிறது.

கேள்வி (வட்டுக்கோட்டை வாசகி): அம்மா இறந்து ஒரு வருடமாகிறது. அவர் எழுதி வைத்த அளவுப்படியே வறுத்து இடிக்கிறேன். ஆனாலும் அவருடைய கோப்பி வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அம்மா விறகடுப்பில் வறுத்தார், நீங்கள் எரிவாயு அடுப்பில் வறுக்கிறீர்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எரிவாயுவின் சுவாலை தாச்சியின் நடுவை மட்டும் சுட்டுவிடும். தணல் முழு அடியையும் ஒரே அளவாகச் சுடும். அதோடு மெல்லிய புகைமணமும் சேரும். முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னஞ்சிரட்டைத் தணலில், அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஒருமுறை வறுத்துப் பாருங்கள். இன்னொன்று: எழுதி வைத்த அளவில் “ஒரு சுண்டு” என்றிருப்பதாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு வீடு சுண்டு வேறுபடும். அம்மா அளந்த அந்தப் பழைய தகரப்பேணி இன்னும் அடுப்படியில் எங்காவது இருக்கக்கூடும். தேடி எடுத்து, அதனாலேயே அளந்து போடுங்கள். வறுத்த பின் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.