கத்தரிக்கோலும் கறுப்பு மையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளில் அறுபதுகளின் பாப் இசையும் காமிக்ஸும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் அவற்றைக் காட்டினேன். "இசைத்தட்டு உறை வெறும் விளம்பரம். காமிக்ஸ் சின்னப் பிள்ளைகளுக்கு. இவருக்குத் தன் இளமைக் காலத்தின் மேல் பாசம், அவ்வளவுதான்" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஓவியர் அந்த இசையிடம் அப்படி என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நான் பிறந்ததே அந்தப் பத்தாண்டு முடிந்த பிறகுதான். அந்த இசையும் படங்களும் என்னிடம் வந்து சேர்ந்தது வெகு தாமதமாக. அதனால் இளமைப் பாசம் என்று உங்கள் மகள் சொல்வது எனக்குப் பொருந்தாது. ஆனால் அவர் எழுப்பும் கேள்வி நல்ல கேள்வி. ஒரே ஒரு உறையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து பாப் குழுவின் 'ரிவால்வர்' இசைத்தட்டு வந்தது. அதன் உறையை வரைந்தவர் கிளாஸ் ஃபோர்மான், ஜெர்மானியர். 1960-இல் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதியில் அந்தப் பையன்கள் வாசிப்பதைக் கேட்டு நண்பரானவர். அப்போது அவர் விளம்பர ஓவியம் படித்த இளைஞர். தான் வடிவமைத்த இசைத்தட்டு உறையொன்றைக் குழுவின் பாடகர் ஜான் லெனனிடம் கொண்டுபோய்க் காட்டினார். லெனன் அதைத் தங்கள் குழுவில் இருந்த ஓவியர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபிடம் காட்டச் சொன்னார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே லெனனின் குழு அவரிடம் உறை கேட்டது.

வரைவதற்கு முன்னால் அவருக்குச் சில பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். அவரைத் திகைக்க வைத்தது கடைசிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்'. அது உருவான விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னி வீட்டிலேயே ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும் வளையங்களாக்கிக் கொண்டுவந்தார். ஸ்டுடியோ கட்டடத்தில் பல இயந்திரங்களில் அவற்றை ஓடவிட்டார்கள். நாடா தொய்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டில் கடற்பறவை கத்துவது போலக் கேட்பது மெக்கார்ட்னியின் சிரிப்பு, வேகம் கூட்டியது. சுருதி மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் மேல் துண்டு துண்டாக ஒலிகள் வந்து விழுகின்றன.

இப்போது உறையைப் பாருங்கள். நான்கு முகங்கள், பேனாவாலும் கறுப்பு மையாலும் வரைந்தவை. முகத்தில் நிழலே கிடையாது. தலைமுடியில் மட்டும் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, சுருதி போல. அந்த முடிக்குள்ளிருந்து வெட்டி ஒட்டிய சின்னச் சின்னப் புகைப்படங்கள் எட்டிப் பார்க்கின்றன. அவர்கள் நாடாவில் செய்ததை இவர் காகிதத்தில் செய்திருக்கிறார்! ஜார்ஜ் ஹாரிசனின் முகம் மட்டும் எத்தனை முறை வரைந்தும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு புகைப்படத்திலிருந்து கண்களையும் வாயையும் வெட்டி ஒட்டிவிட்டார். அந்தக் கண்கள்தான் நம்மை முதலில் நிறுத்துகின்றன.

வண்ணம் பொங்கிக்கொண்டிருந்த காலம் அது. கடையில் தனித்துத் தெரியட்டும் என்றே கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். ஆக, விற்பனையும் அவர் கணக்கில் இருந்தது. உங்கள் மகள் சொன்னதில் அவ்வளவு உண்மை. அதனால் படம் எந்த வகையில் குறைந்துபோனது என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அவரோ அதற்குள் மான்ஃபிரெட் மான் குழுவில் பாஸ் கிதார் வாசிக்கப் போயிருந்தார். பிறகு லெனனின் 'இமேஜின்' பாட்டுக்கும் பாஸ் அவர்தான். வரைந்த கையும் வாசித்த கையும் ஒன்றே என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

காமிக்ஸுக்கு வருகிறேன். அதே அறுபதுகளில், அதே லண்டனில், 'வேலியன்ட்' என்ற வார இதழில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகத் தமிழில் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'தான் அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். யோசித்துப் பாருங்கள்: கட்டத்தின் நாயகன் கண்ணுக்கே தெரிய மாட்டான்! பிளாஸ்கோ அந்த வெற்றிடத்தைச் சுற்றிக் கறுப்பைத் தீட்டித் தீட்டி, அங்கே ஆள் நிற்கிறான் என்று நம்மை நம்ப வைத்தார். பள்ளி நாட்களில் மறுபதிப்பில் அதைப் படித்தேன். எங்கே வரையாமல் விடுவது என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தச் சாணிக் காகிதம்தான். பல வருடம் கழித்து ஃபோர்மானின் நிழலில்லாத முகங்களைப் பார்த்தபோது, தெரிந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

எனவே மகளிடம் வாதாட வேண்டாம். அந்த உறையைப் பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் அச்செடுத்துக் கொடுங்கள். செல்பேசித் திரையில் அது செத்துப்போகும். அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுவிட்டு, அது ஓடும் மூன்று நிமிடத்துக்குள் ஒரே ஒரு தலைமுடியை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். அப்புறம், அந்த முடிக்குள் ஃபோர்மான் தன் புகைப்படத்தையும் பெயரையும் ஒளித்து வைத்திருக்கிறார். எந்த இடம் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்.