ஆன்லைன் டிகிரி: பணம் கட்டும் முன்பும் பின்பும்

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் ஆன்லைன் எம்பிஏ பற்றி விசாரித்தேன். நான் பி.காம். "பெரிய யுனிவர்சிட்டி சார், ஒரே வருஷத்தில் முடிச்சுத் தர்றோம், இன்னைக்கு 15,000 கட்டினா சீட் கன்ஃபர்ம்" என்கிறார்கள். கட்டலாமா?
வாசகர், சூரமங்கலம்

பதில்: கட்ட வேண்டாம். மூன்று வருட டிகிரி முடித்தவருக்கு எம்பிஏ என்றால் கல்லூரிக்கு நேரில் போனாலும் ஆன்லைனில் படித்தாலும் இரண்டு வருடம்தான். ஒரு வருடத்தில் "முடிச்சுத் தர்றது" என்றால் பழைய தேதி போட்ட சேர்க்கையாகவோ அதைவிட மோசமாகவோதான் இருக்கும். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டுவது நீங்கள். அந்த மையம் அதற்குள் பெயர்ப்பலகையை மாற்றியிருக்கும்.

பல்கலைக்கழகம் பெரியதா சிறியதா என்பது இங்கே இரண்டாம் பட்சம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதி தருவது படிப்புவாரியாக, சேர்க்கைப் பருவம்வாரியாக. யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுக்கு டெப் என்று பெயர். அதன் இணையதளத்தில் அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் படிப்பின் பெயர், எந்த முறை (தொலைதூரமா ஆன்லைனா), எந்தப் பருவம் என்ற மூன்றும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்துக்கு பிபிஏ ஆன்லைனில் அனுமதி இருக்கும், எம்பிஏவுக்கு இருக்காது. போன ஜூலைக்கு இருந்திருக்கும், இந்த ஜனவரிக்கு இருக்காது. மையத்தில் காட்டும் பழைய அனுமதிக் கடிதத்தின் நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தொலைதூரக் கல்வி வேறு, ஆன்லைன் வேறு; இரண்டுக்கும் அனுமதி தனித்தனி. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரக் கல்வியைத் தங்கள் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம். சேலத்திலேயே இருக்கும் பெரியார் பல்கலைக்கழகமோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இங்கே நடத்தினால் சரி. வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் "ஸ்டடி சென்டர்" என்று சேலத்தில் போர்டு தொங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது. ஆனால் இரண்டிலும் ஃபிரான்சைஸ், அதாவது படிப்பை நடத்தும் பொறுப்பை வெளி மையத்திடம் விடுவது, கூடாது. மையத்துக்காரர் நோட்டீஸ் கொடுக்கலாம், வழி சொல்லலாம். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போய், ரசீதும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வர வேண்டும். மையத்தின் ஜிபே நம்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்காது.

இன்னொன்று டெப்-ஐடி. 2024 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இது இல்லாமல் இந்திய மாணவர் யாரும் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ சேர முடியாது. முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்) எடுக்க வேண்டும். பிறகு அதை வைத்து டெப் தளத்தில் இந்த ஐடி. இதற்குச் செலவு இல்லை, "பதிவுக் கட்டணம்" கேட்டால் கொடுக்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்வது இனிஷியலில். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பிளஸ் டூ மார்க்‌ஷீட்டில் முன்னால், டிகிரியில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று மாதிரி இருக்கும். சேர்க்கை கடைசித் தேதி நெருங்கிய பிறகு ஆதாரைத் திருத்த ஓடுவதைவிட, முதல் வேலையாக அதைச் சரிசெய்துவிடுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கே வரட்டும். மையத்துக்காரர் நம்பரில் பதிவு செய்தால் நாளைக்கு உங்கள் கணக்கு அவர் கையில்.

"இன்னைக்கே கட்டுங்க" என்பதற்கு அர்த்தமே இல்லை. பல்கலைக்கழகம் அறிவித்த கடைசித் தேதிதான் கணக்கு.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். மகள் ஆன்லைன் பி.காம் சேர ஆசைப்படுகிறாள். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன்தான். மழைக்காலத்தில் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். சமாளிக்க முடியுமா?
வாசகி, ஏற்காடு

பதில்: பாடத்தைப் போனிலேயே சமாளிக்கலாம், பரீட்சையைத்தான் யோசிக்க வேண்டும். நேரலை வகுப்பு தவறினாலும் பெரும்பாலும் பதிவு கிடைக்கும். வீடியோவின் தரத்தை 360-க்குக் குறைத்துப் பார்த்தால் டேட்டா வெகுவாக மிச்சமாகும். கரும்பலகை எழுத்து அதிலும் தெரியும். தளத்தில் நுழைந்தது, அசைன்மென்ட் வைத்தது எல்லாம் பதிவாகும் என்பதால், டவர் இருக்கும் நாளில் வேலையை முடித்துவிடச் சொல்லுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் அன்றைக்குத்தான் மழை பிடிக்கும்.

மதிப்பெண்ணில் உள்மதிப்பீடு 30 சதவீதத்துக்கு மேல் போகாது. குறைந்தது 70 சதவீதம் பருவத் தேர்வுக்கு. ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தேர்வு மையத்திலா, வீட்டிலிருந்தா? மையம் என்றால் சேலத்தில் உண்டா, கோவைக்குப் போக வேண்டுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து எழுதுவது என்றால் கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். அதற்கான மென்பொருள் பல போனில் ஓடாது. வெப்கேமும் மைக்கும் உள்ள லேப்டாப் வேண்டும். மூன்று மணி நேரம் தாங்காத பழைய பேட்டரியும், வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்து முகம் இருட்டாகத் தெரிவதும், தேர்வு நடுவே யாராவது அறைக்குள் வருவதும்தான் வழக்கமாகக் காலை வாருபவை. மாதிரித் தேர்வை அதே லேப்டாப், அதே சிம், அதே நாற்காலியில் செய்து பாருங்கள். வேறு கம்பெனி சிம் ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக இருக்கட்டும். நடுவில் இணைப்பு அறுந்தால், நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்துத் தேர்வுப் பிரிவுக்கு அப்போதே மெயில் போட வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் எடுபடாது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை தேர்வு என்றால் முந்தைய நாளே சேலத்தில் உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுவது நல்லது. காலையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தால் எந்த மென்பொருளும் காத்திருக்காது.

கேள்வி: சேர்ந்து இருபது நாளில் விலக வேண்டியதாயிற்று. "ஃபீஸ் திரும்பாது" என்கிறார்கள். அசல் மார்க்‌ஷீட்டும் அவர்களிடம்.
வாசகர், அம்மாபேட்டை

பதில்: யுஜிசி 2018 அக்டோபர் அறிவிப்பில் கணக்கு தெளிவாக இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதியிலிருந்து எண்ணுங்கள். அதற்கு 15 நாளோ அதிகமோ முன்பே விலகினால் முழுத்தொகை; அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில வருடங்களில் யுஜிசி தனியாகச் சலுகைத் தேதி அறிவிக்கும், அதையும் பாருங்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கவும் கூடாது.

போனில் கெஞ்சாதீர்கள், மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் புகார் தளம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், பல்கலைக்கழகம் சேவை வழங்குநர் அல்ல என்ற வாதம் வரும். 2010-இல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. இடையில் கமிஷன் வாங்கிய தனியார் மையத்தின் மீது இந்தக் கேடயம் அவ்வளவு எளிதில் செல்லாது. அவர்கள் மீது முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

ஃபீஸை இஎம்ஐ என்று சொல்லி மாற்றியிருந்தால் அது தனிக் கடன். படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. கடன் கம்பெனிக்குத் தனியாக எழுதுங்கள்.

கேள்வி: சேலத்தில் ரெகுலர் பி.எஸ்சி படித்துக்கொண்டே ஆன்லைனில் இன்னொரு டிகிரி செய்யலாமா?

பதில்: செய்யலாம். 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதித்துவிட்டது. தேர்வுத் தேதிகள் மோதினால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

கேள்வி: ஆன்லைனில் எம்.எஸ்சி சைக்காலஜிக்கு விளம்பரம் பார்த்தேன்.

பதில்: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்றவற்றைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்த யுஜிசி தடை போட்டுவிட்டது. விளம்பரத்தில் தேதி பாருங்கள். புதியது என்றால் அந்த மையத்துக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.