பயந்தால் வயிறு ஏன் கலக்குகிறது? – கேள்வி பதில்

மருத்துவ வாட்டில் தாதியாக வேலை செய்கிறேன், டாக்குத்தர் இல்லை. வயிற்றுப் பிரச்சினை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்தவற்றில் பதற்றத்தோடு தொடர்புள்ள கேள்விகள் மட்டும் இங்கே.

விசுவமடு, ஏ.எல். மாணவன்: அக்கா, சோதனை நாட்களில் விடிய மூன்று நாலு தரம் மலசலகூடத்துக்கு ஓடுகிறேன். மற்ற நாளில் ஒன்றும் இல்லை. ஏதும் வருத்தமா?

வருத்தம் இல்லை தம்பி. பதறும்போது மூளையில் சி.ஆர்.எச். என்றொரு ஹோர்மோன் சுரக்கும். அது இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை விரட்டும், அதனால்தான் மேலே சாப்பாடு இறங்காமலும் கீழே கலக்கிக்கொண்டும் இருக்கிறது. வெறும் வயிற்றில் பிளேன்ரீயை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, அது இன்னும் கலக்கும். ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி நாலு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இரு. சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது உடம்பின் வழக்கம், அந்த அலுவல் வீட்டிலேயே முடிந்துவிடும். மண்டபத்தில் பதறினால் மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கூட நேரம் எடு.

ஒட்டுசுட்டான், இரண்டு பிள்ளைகளின் தாய்: லோன் கட்டுகிற நாளுக்கு முதல் இரவே வயிறு பொருமி நோகும், விடிந்தால் வயிற்றோட்டம். ஒரு வருசமாக இப்படித்தான். எண்டொஸ்கோப்பி செய்து ஒன்றும் இல்லை என்றார்கள். இவர் நான் நடிக்கிறேனாம்.

நீங்கள் நடிக்கவில்லை அக்கா, இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எண்டொஸ்கோப்பியில் புண், வீக்கம், கட்டி தெரியும். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. உணவுக்குழாயிலிருந்து கீழே குடல் முடியும் வரைக்கும் அதன் சுவருக்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன, மூளையையும் வயிற்றையும் இணைக்கிற வேகஸ் நரம்பில் ஏறத்தாழ 80 சதவீத இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகத்தான் இருக்கின்றன. ஆகவே மனம் பதறினால் வயிறு குழம்பும், குழம்பிய வயிறு திரும்ப மனத்தைப் பதறவைக்கும். இப்படி நெடுநாள் இருந்தவருடைய குடல், சாதாரணக் காற்றைக்கூட நோவாகவே உணரத் தொடங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1822இல் துவக்கு வெடித்து வயிற்றில் காயப்பட்ட அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்பவருக்கு அந்த ஓட்டை மூடவே இல்லை. வில்லியம் பியூமொன்ட் என்ற அமெரிக்க இராணுவ டாக்குத்தர் அதற்குள்ளாலே இரைப்பையைப் பார்த்துப் பார்த்து எழுதினார், ஆள் கோபப்பட்டால் செமிபாடு குழம்புவதையும் எழுதினார். அந்த மனிசனும் நடித்தாரா என்று இவரிடம் கேளுங்கள்.

கடைசி 3 மாதமாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோவு, அதோடு மலம் போகிற தரமோ தன்மையோ மாறுவது, தொடங்கி 6 மாதத்துக்கு மேல், இப்படியென்றால் ஐ.பி.எஸ். (புண், கட்டி இல்லாமலே குடல் குழம்புகிற வருத்தம்) என்று பார்ப்பார்கள். உங்களுடையது அதுதானா என்று கிளினிக்கில்தான் சொல்ல வேண்டும். போகும்போது எந்த நாளில் நோ வந்தது, முதல்நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கௌபி, பருப்பு, பலாப்பழம், வெங்காயம் பலருக்குப் பொருமலைக் கூட்டும். அப்புறம், ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுப்பது நிற்காமல் இந்த வயிறு அடங்காது என்பது என் அபிப்பிராயம், அதற்கு வாட்டில் குளிசை இல்லை. இரவில் மனம் தாங்காவிட்டால் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

மாங்குளம்: ஐ.பி.எஸ். என்று அமிற்றிப்டிலின் தந்தார்கள். பாமசியில் அது மனவருத்தக் குளிசை என்கிறார்கள். எனக்கென்ன விசரா?

விசர் இல்லை அண்ணா. மனச்சோர்வுக்கு அதே மருந்தைப் பல மடங்கு கூடத் தருவார்கள், 10 மில்லிகிராம் அளவில் அது குடல் நரம்பின் நோவைத் தணிக்கத்தான். வாய் காயும், மலம் இறுகும், விடிந்தும் தூக்கம் கலையாது, ஆகவே முதல் நாட்களில் லாண்ட்மாஸ்டர் ஓட்டுவதென்றால் கவனம். பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும், அதற்குள் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிளிநொச்சி: அம்மாவுக்கு யோசனை கூட, அதனால் எந்நேரமும் வயித்தெரிவு. முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் போடுகிறா.

யோசனையில் பழியைப் போட முதல் அந்த டைக்ளோபெனாக்கைப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு போட்டாலும் அது இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது. கடையில் வாங்கித் தொடராமல் டாக்குத்தரிடம் வேறு வழி கேளுங்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் தந்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டும், அரைவாசிப் பேர் சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள்.

முள்ளியவளை: அம்மம்மா கண்ணூறு என்கிறா, பார்வை பார்த்து வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைக்கட்டாம்.

வையுங்கள், மனம் ஆறினால் வயிறும் கொஞ்சம் ஆறும். ஆனால் மலத்தில் இரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் மெலிவது, நித்திரையிலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், விழுங்கக் கஷ்டம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோயில். நடு நெஞ்சு இறுக்கி, வேர்த்து, கைக்கோ தாடைக்கோ நோ பரவினால் கஸ்ரிக் என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக் கஸ்ரிக்தான் என்றால் ஒருவரும் உங்களை ஏசப்போவதில்லை.